தொழிற்சாலைக்குப் போனால் எதைப் பார்ப்பது? ஒரு கையுறையின் கதை

மாணவர்களே, மருத்துவமனையில் தாதி உங்கள் கையிலிருந்து இரத்தம் எடுக்கிறார். அவர் அணிந்திருக்கும் கையுறையில் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓட்டை இருந்தால்? நோய்க்கிருமிகள் உள்ளே போகவும் வெளியே வரவும் அந்தச் சிறு ஓட்டை போதும். உலகத்தின் மருத்துவக் கையுறைகளில் பெரும்பங்கு நம் மலேசியாவில் தயாராகிறது. ஆகவே இந்தக் கேள்வி நமக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது.

இப்போது நீங்கள் ஒரு மருத்துவமனைக்காகக் கையுறை வாங்கும் பொறுப்பில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தொழிற்சாலை 100,000 கையுறைகள் தருவதாகச் சொல்கிறது. நல்ல சரக்கா என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?

முதல் வழி தண்ணீர்ச் சோதனை. கையுறைக்குள் 1,000 மில்லிலிட்டர் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட வேண்டும். ஊற்றியவுடன் ஒருமுறையும் 2 நிமிடம் கழித்து மறுமுறையும் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சோதித்த கையுறையை விற்க முடியாது. எனவே எல்லாவற்றையும் சோதிப்பது நடக்காத காரியம். ஐரோப்பிய மருத்துவக் கையுறைத் தரவிதியின்படி 100,000 கையுறைகள் கொண்ட ஒரு தொகுதியிலிருந்து 200 எடுத்தால் போதும். அதில் 7 வரை கசிந்தால் தொகுதி ஏற்கப்படும், 8 கசிந்தால் நிராகரிக்கப்படும்.

இங்கே கொஞ்சம் நின்று கணக்குப் போடுவோம். உண்மையில் அந்தத் தொகுதியில் நூற்றுக்கு 4 கையுறை ஓட்டை என்று கொள்ளுங்கள். 200-இல் சராசரியாக 8 ஓட்டை வர வேண்டும். ஆனால் நாம் எடுக்கும் 200 ஒவ்வொரு முறையும் வேறு வேறு. சில முறை 5 வரும், சில முறை 11 வரும். நிகழ்தகவுக் கணக்கின்படி, இப்படிப்பட்ட தொகுதி ஏறக்குறைய பாதித் தடவை சோதனையில் தேறிவிடும்! நூற்றுக்கு 6 ஓட்டை இருந்தாலும் 100 முறையில் 8 முறையாவது தப்பித்துவிடும். சோதனை தவறு என்று நான் சொல்ல வரவில்லை. 200 கையுறையால் அவ்வளவுதான் சொல்ல முடியும். மிச்சத்தைத் தெரிந்துகொள்ளத்தான் வாங்குபவர் நேரில் தொழிற்சாலைக்குப் போகிறார்.

போனால், வரவேற்பு அறையில் தேநீரும் பளபளப்பான படக்காட்சியும் காத்திருக்கும். மரியாதைக்குத் தேநீரைக் குடித்துவிட்டுச் சீக்கிரம் எழுந்துவிடுங்கள். பார்க்க வேண்டியது உற்பத்தி வரிசையில் இருக்கிறது.

அங்கே நூற்றுக்கணக்கான பீங்கான் கைகள் சங்கிலியில் கோத்து நகர்ந்துகொண்டே இருக்கும். முதலில் அந்த அச்சுகள் கால்சியம் நைட்ரேட் கரைசலில் முங்கிக் காய்கின்றன. பிறகு ரப்பர் பாலில் முங்குகின்றன. பால்மரத் தோட்டத்தில் வேலை செய்த தாத்தா பாட்டி உங்களுக்கு இருந்தால் கேட்டுப் பாருங்கள். பால் வாளியில் உறைந்துவிடாமலிருக்க அமோனியா ஊற்றுவார்கள். ரப்பர் துகள்களைச் சுற்றியுள்ள புரதப் படலம் எதிர் மின்னூட்டம் கொண்டது. அதனால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. அமோனியா அந்த நிலையைக் காப்பாற்றுகிறது. தொழிற்சாலையில் நடப்பது அதற்கு நேர்மாறு. அச்சில் ஒட்டியிருக்கும் கால்சியம் அயனிகளின் நேர் மின்னூட்டம் அந்த எதிர் மின்னூட்டத்தை நடுநிலையாக்க, பால் அச்சின் மேலேயே உறைந்து கையின் வடிவம் எடுக்கிறது.

இந்த இரசாயனம் தெரிந்திருந்தால் கண் தானாகவே சரியான இடத்துக்குப் போகும். அச்சில் ஓர் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கால்சியம் நைட்ரேட் அங்கே ஒட்டாது. ஒட்டாத இடத்தில் ரப்பர் மெல்லியதாகப் படியும், அதுவே பின்னால் ஓட்டையாகும். ஆகவே அச்சுகளைக் கழுவும் தொட்டியைப் பாருங்கள். பால் தொட்டியில் நுரை மிதக்கிறதா? வேகமாகக் கலக்கினால் காற்றுக்குமிழி சேரும், குமிழி உடைந்த இடத்தில் ஊசிமுனை ஓட்டை விழும். கந்தகம் ரப்பர் மூலக்கூறுகளுக்கிடையே பாலம் போட 100 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும். அடுப்பின் சூடு குறைந்தால் கையுறை எளிதில் கிழியும். அடுத்து வெந்நீர்த் தொட்டி. ரப்பரில் மிஞ்சிய புரதமும் இரசாயனமும் அங்கேதான் கழுவப்படுகின்றன. சிலருக்கு அந்தப் புரதம் கடுமையான ஒவ்வாமையைத் தரும். தண்ணீர் கலங்கிப் போயிருந்தால் கழுவியும் பயனில்லை.

வெந்நீர்த் தொட்டியின் திரை 70 டிகிரி என்று காட்டுகிறதா? நம்புவதற்கு முன் கையோடு கொண்டுபோன வெப்பமானியால் அளந்து பாருங்கள். பள்ளி ஆய்வுக்கூடத்தில் சுழியப் பிழை பார்க்கச் சொல்லி ஆசிரியர் வற்புறுத்துவாரே, அதேதான்.

அடுத்தது பதிவேடு. மணிக்கொரு முறை வெப்பநிலை எழுதிய தாளைக் கேளுங்கள். ஒரு மாதம் முழுக்க ஒவ்வொரு மணிக்கும் 70.0, 70.0 என்றே இருந்தால் சந்தேகப்படுங்கள். உண்மையான அளவீடு கொஞ்சம் ஏறி இறங்கும். இரவு வேலைக்காரர் எழுதியதும் பகல் வேலைக்காரர் எழுதியதும் ஒரே கையெழுத்தில், ஒரே பேனா மையில் இருந்தால், யாரோ ஒரே உட்காரலில் எழுதி முடித்திருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்த உத்தி ஒன்று உண்டு. கிடங்குக்குப் போய் நீங்களே ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுங்கள், அவர்கள் எடுத்துத் தருவது வேண்டாம். பெட்டியிலுள்ள தொகுதி எண்ணைக் காட்டி, "இது எந்த நாள், எந்த வரிசையில், எந்தத் தொட்டிப் பாலில் செய்தது?" என்று கேளுங்கள். நல்ல தொழிற்சாலையில் அந்தத் தாள்கள் சிறிது நேரத்தில் மேசைக்கு வந்துவிடும். நாளைக்கு மின்னஞ்சலில் அனுப்புகிறோம் என்றால் குறித்துக்கொள்ளுங்கள். கசிந்த கையுறைகளைப் போடும் தொட்டி எங்கே, அவை கடைசியில் எங்கே போகின்றன என்பதையும் விடாதீர்கள்.

இயந்திரத்தைப் பார்த்துவிட்டு ஆட்களைப் பார்க்காமல் வருவது அரைகுறை வேலை. 2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத் துறை, இந்நாட்டுக் கையுறை நிறுவனம் ஒன்றின் சரக்கைக் கட்டாய உழைப்பு ஐயத்தின் பேரில் தடுத்தது. தடை 2021 செப்டம்பரில்தான் நீங்கியது. கடன் சுமை, அளவு மீறிய மிகைநேர வேலை, அடையாள ஆவணங்களைப் பிடித்து வைத்தல் ஆகியவை அங்கே எழுந்த கேள்விகள். தண்ணீர்ச் சோதனையில் இவை எதுவும் தெரியாது. தங்குமிடத்துக்குப் போங்கள். மேலாளர் பக்கத்தில் இல்லாதபோது தொழிலாளியிடம், அவருக்குப் புரியும் மொழியில், கடப்பிதழ் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்று களைத்த கண் ஓட்டையையும் கவனிக்காது என்பது தனிக் கதை.

வீட்டில் செய்து பாருங்கள்: 480 வெள்ளை மொச்சையும் 20 சிவப்பு மொச்சையும் ஒரு பாத்திரத்தில் கலக்குங்கள். அதுதான் நூற்றுக்கு 4 ஓட்டை உள்ள தொகுதி. கண்ணை மூடி 200 எடுத்துச் சிவப்பை எண்ணுங்கள். 7 அல்லது குறைவு என்றால் "தேறியது", 8 அல்லது அதிகம் என்றால் "தவறியது" என்று எழுதுங்கள். திரும்பப் போட்டுக் கலக்கி 10 முறை செய்யுங்கள். எத்தனை முறை தேறியது என்பதை வகுப்பு நண்பரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இருவருக்கும் வேறு வேறு விடை வந்தால் யாரும் தப்பாக எண்ணவில்லை.