பூனைக்குத் தோல் மெத்தை வேண்டாம்

மேல்விஷாரத்தில் தோலுக்குப் பஞ்சமில்லை. இந்தப் பக்கம் ராணிப்பேட்டை, அந்தப் பக்கம் பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்று வட்டாரம் முழுக்கத் தெருவுக்கு நாலு பேராவது டேனரியிலோ ஷூ கம்பெனியிலோ இருப்பார்கள். நானும் ஷூ அப்பருக்கு பேட்டர்ன் போடுகிறவன்தான். வீட்டுக்குப் பூனை வந்ததும் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள்: "கட்டிங்ல மிச்சம் விழற தோலை வாங்கித் தைச்சுப் போடுங்க பாய், ராஜா மாதிரி தூங்கும்."

தூங்காது. தோலோடு இத்தனை வருஷம் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன், பூனைக்கோ குட்டி நாய்க்கோ படுக்கையின் மேல்பக்கம் தோல் கூடவே கூடாது. முதல் காரணம், தோலைத் துவைக்க முடியாது. விலங்கின் படுக்கை என்பது முடி, எச்சில், மண், சில சமயம் மூத்திரம் எல்லாம் சேர்கிற இடம். மூத்திரம் தோலில் இறங்கினால் பதனிட்ட மருந்தோடு கலந்து உள்ளேயே தங்கும். மேலே துடைக்கலாம், வாடை போகாது. மனிதர் மூக்குக்குப் போனாலும் பூனை மூக்குக்குப் போகாது. அந்த வாடை இருக்கும் வரை பூனை அதே இடத்தில் மறுபடியும் மூத்திரம் போகும்.

இரண்டாவது, தோலுக்குள் என்னென்ன இருக்கிறது என்பது. எங்கள் வட்டாரத்தில் பெரும்பாலும் குரோம் டேனிங். ஒழுங்காகச் செய்த தோலில் இருப்பது மூன்றாம் நிலை குரோமியம், அதில் பெரிய ஆபத்து இல்லை. வெயிலிலும் சூட்டிலும் காய்ந்து கிடந்தால் அதில் கொஞ்சம் ஆறாம் நிலைக்கு மாறலாம், அது தோல் அலர்ஜியைக் கிளப்பும் சரக்கு. அதனால்தான் 2015 மே முதல் ஐரோப்பாவில் உடம்பில் படுகிற தோல் பொருளில் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் ஆறாம் நிலை குரோமியம் இருந்தால் விற்க முடியாது. ஏற்றுமதி ஆர்டர் செய்கிற கம்பெனிகள் லாட் லாட்டாக டெஸ்ட் செய்து அனுப்புவது இதற்காகத்தான். தரைக்கடையில் கிலோ கணக்கில் வாங்குகிற வெட்டுத்துண்டு எந்த லாட், எந்த டேனரி என்று யாருக்குத் தெரியும்? மனிதன் ஷூவை நக்குவதில்லை. பூனை நாள் முழுக்கத் தன் உடம்பை நக்குகிற ஜீவன், முடியில் ஒட்டுவது எல்லாம் வயிற்றுக்குள் போகும்.

பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் போடுகிற மருந்துகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டைமெத்தில் ஃபியூமரேட் என்ற ஒன்று இருந்தது, சின்னப் பாக்கெட்டாகத் தோல் சோபாவுக்குள்ளும் ஷூ டப்பாவுக்குள்ளும் போடுவார்கள். அந்தச் சோபாவில் உட்கார்ந்தவர்களுக்கு முதுகிலும் தொடையிலும் வெந்ததுபோலக் கொப்புளம் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2009-ல் அதைத் தடை செய்தது. உட்கார்ந்து எழுகிற மனிதனுக்கே அப்படி என்றால், பதினாலு பதினைந்து மணி நேரம் முகத்தைப் புதைத்துத் தூங்குகிற பூனைக்கு?

இன்னொன்று, தோல் மிருதுவாக இருக்க ஃபேட்லிக்கர் போடுகிறோமே, அதில் சில ரகம் மீன் எண்ணெயில் செய்தது. நமக்குத் தெரியாத அந்த வாசனை பூனைக்குத் தெரியாமல் போகுமா? படுப்பதற்குப் பதில் கடிக்க ஆரம்பிக்கும். நகமும் போடும். மெத்தையில் நகம் போட்டுப் பழகிய பூனை அடுத்து வாசலில் கழற்றி விட்ட செருப்புக்குப் போகும், அதற்கப்புறம் விருந்தாளியின் ஷூவுக்கு.

தோலுக்கு அந்தப் படுக்கையில் ஒரே ஒரு இடம் உண்டு, அடிப்பக்கம். மொசைக் தரையிலும் டைல்ஸிலும் பூனை குதித்து ஏறும்போது படுக்கை வழுக்கும். சொரசொரப்பான ஸ்பிளிட் தோலைச் சொரப்பு வெளியே தெரிய அடியில் தைத்துவிட்டால் அசையாது. பார்க்கவும் அழகு. ஓரத்தில் கையகல வார் ஒன்று கைப்பிடியாக வைத்தால் தூக்கிக்கொண்டு மாடிக்கு வெயிலில் போடப் போகலாம். அடித்தோலைப் பிரித்தெடுக்கிற மாதிரி வெல்க்ரோ வைத்துத் தைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் துவைக்கும்போது அதுவும் சேர்ந்து நனையும்.

சரி, மேலே என்ன? ஆற்காட்டில் ஃபோம் வாங்கப் போனேன். கடைக்காரர் மெத்தையா தலையணையா என்று கேட்டார். பூனைக்கு என்றேன். சிரிப்பார் என்று பார்த்தால், "எத்தனை கிலோ பூனை?" என்றார். அதைவிடச் சரியான கேள்வி இந்த விஷயத்தில் இல்லை. பெட் ஷாப்பில் யாரும் இதைக் கேட்பதில்லை, கலரைத்தான் கேட்கிறார்கள். வளர்ந்த நாட்டுப் பூனை மூன்றிலிருந்து ஐந்து கிலோ இருக்கும். மனிதர் படுக்கிற 40 டென்சிட்டி ஃபோம் அந்த எடைக்கு அமுங்கவே அமுங்காது, பலகையில் படுத்ததுபோல இருக்கும். டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டரின் எடைதான், மிருது வேறு கணக்கு. ஆனாலும் கடையில் டென்சிட்டி கூடக்கூடக் கெட்டியும் கூடிக்கொண்டே போவதுதான் வழக்கம். அதனால் எண்ணை நம்பாமல் கையை வைத்துப் பாருங்கள். பூனையின் முன்னங்காலால் அழுத்துகிற மாதிரி இரண்டு விரலால் அழுத்தும்போது பள்ளம் விழ வேண்டும், ஆனால் அடியில் மேசை தட்டக்கூடாது. இரண்டு இஞ்ச் கனம் போதும். மெமரி ஃபோம் விலை கூடியது, உடம்புச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வது. மூட்டு வலிக்கிற கிழப்பூனைக்கு நல்லது, மற்றதற்கு இந்த ஊர் வெயிலில் தண்டம்.

இலவம்பஞ்சு வைக்கலாமா என்று கேட்பார்கள். மெத்தென்று இருக்கும், தண்ணீரும் சட்டென்று ஏறாது. ஆனால் துவைத்தால் உருண்டை உருண்டையாகிவிடும். ஒரு தையல் விட்டாலும் வீடெல்லாம் பறக்கும், பூனை அதைத் துரத்திக்கொண்டு ஓடும். தலையணைக் கடைகளில் ரெக்ரான் என்று விற்கிற செயற்கைப் பஞ்சு துவைக்கத் தோது. நான் ஓரத்துக்கு ரெக்ரான், நடுவுக்கு ஃபோம் என்று கலந்து வைத்திருக்கிறேன்.

மேலுறைக்கு என் ஓட்டு குடியாத்தம் லுங்கிக்கு. பல வருஷம் துவைத்து மெலிந்த பருத்தி லுங்கிக்கு இணையாக எந்த வெல்வெட்டும் இல்லை. நகம் மாட்டாது, காற்றுப் போகும், சோப்புப் போட்டு அடித்துத் துவைக்கலாம், கிழிந்தால் வருத்தமும் இல்லை. டர்க்கி துண்டு மட்டும் போடாதீர்கள். அதிலுள்ள நூல் வளையங்களில் நகம் சிக்கும், சிக்கியதும் பூனை பயந்து படுக்கையோடு ஓடும். மெத்தையின் வெளிச்சுவர் உங்கள் சோபாவுக்குப் பொருத்தமாக எந்தக் கலரிலும் இருக்கட்டும், அது மனிதர் சமாசாரம். படுக்கிற மேல்துணி மட்டும் வெளிர் நிறம். முடி தெரியுமே என்பார்கள். தெரிய வேண்டும். கருமிளகைத் தூளாக்கித் தூவியதுபோலப் புள்ளிகள் கிடந்தால் ஈரப்பஞ்சில் ஒற்றிப் பாருங்கள். செங்காவியாகக் கரைந்தால் தெள்ளுப்பூச்சி எச்சம், அதாவது தெள்ளு பூனையிடம் குடித்த ரத்தம். கரும்பச்சை வெல்வெட்டில் இது கண்ணுக்கே படாது.

அலங்காரத்தில் குஞ்சம், மணி, எலாஸ்டிக், தொங்கு நூல் ஒன்றும் வேண்டாம். நூலை விழுங்கினால் குடலைச் சுருக்கிக் கிழிக்கும், ஆபரேஷன் வரை போகும். ஜிப்பின் இழுப்பானைக்கூட உள்பக்கம் மடித்து விடச் சொல்லுங்கள். ஷூ கம்பெனியில் நுனி நூலைச் சுட்டு விடுவார்கள் இல்லையா, அதே பழக்கம் இங்கேயும் வேண்டும்.

அளவைப் பற்றி. பூனை சுருண்டு படுக்கும்போது குறுக்களவை டேப்பில் எடுத்து ஒரு சாண் கூட்டிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். பெரிதாக இருந்தால் நல்லது என்று வாங்குவது வீண். பூனைக்கு முதுகில் ஏதாவது முட்ட வேண்டும், அப்போதுதான் கண்ணை மூடும். சுற்றுச்சுவர் ஐந்தாறு விரல் உயரம், ஒரு பக்கம் தாழ்வான வழி. கிழப்பூனை, சினைப்பூனை என்றால் அந்த வழியை இன்னும் தாழ்த்துங்கள்.

இவ்வளவு செய்தும் பூனை ஷூ கார்ட்டனுக்குள்தான் போய்ப் படுக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மைதான். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் 2014-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் ஒளிந்துகொள்ளப் பெட்டி கிடைத்தவை கிடைக்காதவற்றைவிடச் சீக்கிரம் பதற்றம் தணிந்தன என்று கண்டார்கள். எங்கள் ஊரில் பெட்டிக்கு என்ன குறை? பன்னிரண்டு ஜோடி அடுக்குகிற மாஸ்டர் கார்ட்டனை ஒரு பக்கம் வாசல் வெட்டிக் கவிழ்த்து, உள்ளே அந்த மெத்தையை நுழைத்தால் ஐந்து நிமிஷத்தில் வேலை முடியும். ஸ்டேப்ளர் பின்னையும் பேக்கிங் டேப்பையும் உரித்துவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலமோ பூஞ்சைத் தடுப்பு ஸ்டிக்கரோ உள்ளே இருக்கிறதா என்று மூலைமுடுக்கு தடவிப் பாருங்கள். அழகு வேண்டும் என்றால் கார்ட்டனுக்கு வெளியே கேன்வாஸ் ஒட்டலாம். நசுங்கினால் தூக்கிப் போட்டு வேறு வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது.

வெயில் விஷயத்தில் பூனையும் மனிதரும் ஒன்றல்ல. சூட்டைக் கூட்டவோ தணிக்கவோ உடம்பு மெனக்கெட வேண்டாத நிலை பூனைக்கு ஏறக்குறைய 30 முதல் 38 டிகிரி. நாம் விசிறியைத் தேடும்போது அது மாடிப்படியில் கால் நீட்டிக் கிடப்பது அதனால்தான். அதற்காக வேலூர்ப் பக்கத்துக் கத்திரி வெயிலைத் தாங்கும் என்று நினைக்காதீர்கள். நாற்பதைத் தாண்டியதும் மெத்தையை விட்டு இறங்கிப் பாத்ரூம் தரையில் கிடக்கும். அப்போது மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டுக் கோரைப்பாய்த் துண்டு ஒன்றை ஜன்னலோரம் போட்டால் போதும். மார்கழியில் மெத்தைக்கு மேல் பழைய போர்வை ஒரு மடிப்பு. அந்த மாதங்களில் வெளியே திரிகிற பூனைகள் இரவு நிறுத்திய காரின் என்ஜின் சூட்டுக்குப் போய் ஒண்டும், காலையில் பானெட்டை இரண்டு தட்டு தட்டிவிட்டு வண்டியை எடுங்கள்.

குட்டி நாய்க்குக் கணக்கே வேறு. அதற்குத் தோதான சூடு 20 முதல் 30 டிகிரிதான், அதுவும் பக், ஷிட்சூ மாதிரி சப்பை மூக்கு என்றால் அதையும் தாங்காது. எங்கள் ஊரில் பூனை அடுப்படி வரை வரும், அது அசுத்தமல்ல, நம்மைச் சுற்றி வருகிற உயிர் என்று நபிமொழி இருப்பதால் யாரும் விரட்டுவதில்லை. நாயை வீட்டுக்குள் படுக்க விடுகிற வழக்கம் கிடையாது. வளர்ப்பவர்கள் திண்ணையிலோ போர்ட்டிகோவிலோ வைப்பார்கள். அந்த இடத்துக்கு ஃபோம் மெத்தை சரிப்படாது. நைலான் நாடாக் கட்டிலைக் குட்டையாக்கியதுபோல, தரையிலிருந்து அரை அடி உயர்ந்த சட்டத்தில் நாடாவோ கேன்வாஸோ இழுத்துக் கட்டினால் அடியில் காற்றோடும், மழைச்சாரலும் தங்காது. நாய் காலை நீட்டிப் படுக்கும், அதனால் மூக்கிலிருந்து வால் அடி வரை அளந்து அரை அடி கூட்டுங்கள். டாக்ஷண்டுக்கு மட்டும் உயரம் கூடாது, நீண்ட முதுகு, தாவி இறங்கினால் தண்டுவட வட்டு பிதுங்கும், அதற்குத் தரையிலேயே மெத்தை. பல் முளைக்கிற குட்டிக்கு நல்ல படுக்கை வாங்கவே வேண்டாம், பழைய சாக்கில் லுங்கியைச் சுற்றி ஆறு மாதம் ஓட்டுங்கள்.

துவைப்பது வாரம் ஒரு தடவை, கை பொறுக்காத வெந்நீரில். தெள்ளின் முட்டை முடியில் ஒட்டி நிற்பதில்லை, பூனை எங்கே படுக்கிறதோ அங்கே உதிர்கிறது. பூனைக்கு மட்டும் மருந்து போட்டு மெத்தையை விட்டால் பிரயோஜனம் இல்லை. உறையையும் ஃபோமையும் ஒரே நாளில் துவைக்காதீர்கள், தன் வாசனை மொத்தமும் போய்விட்டால் வேறு யாரோ வீட்டு மெத்தை என்று பூனை ஒதுங்கும். துணிக்கு மணமூட்டுகிற திரவம் வேண்டாம். ஃபினாயில், டெட்டால் இரண்டும் பூனைக்கு விஷம், அதன் ஈரல் ஃபினால் வகையை எளிதில் செரித்து வெளியேற்றாது. அந்துருண்டையும் அப்படித்தான். நாய்க்கு விற்கிற பெர்மெத்ரின் கலந்த தெள்ளு மருந்தைப் பூனையின் படுக்கையில் தெளித்தால் இழுப்பு வந்து செத்தே போகலாம், அட்டையைப் படிக்காமல் தெளிக்காதீர்கள். சித்திரை வெயிலில் ஃபோமைப் புரட்டிப் புரட்டிப் போட்டாலே பாதி வேலை முடியும், தெள்ளின் புழு ஈரம் இல்லாமல் பிழைக்காது.

மெத்தையை எங்கே வைப்பது என்று பூனையிடம்தான் கேட்க வேண்டும். மெத்தை வருவதற்கு முன்பு அது எங்கே தூங்கிக்கொண்டிருந்ததோ அதே இடத்தில், நீங்கள் உடுத்திக் களைந்த பனியன் ஒன்றை மேலே போட்டு வையுங்கள். தூக்கிக் கொண்டுபோய் உட்கார வைக்காதீர்கள், பிடித்து வைத்த இடத்தில் பூனை தங்காது. மலஜலம் கழிக்கிற மண்தட்டும் சாப்பாட்டுத் தட்டும் பக்கத்தில் இருக்கக்கூடாது. இரண்டு பூனை என்றால் இரண்டு மெத்தை, ஒன்றையொன்று பார்க்காத மூலைகளில், ஒன்று கொஞ்சம் உயரத்தில். ஒட்டிப் படுக்கிற ஜோடிதானே, ஒன்று போதாதா என்பீர்கள். சண்டை வருகிற அன்றைக்கு எது சோபாவுக்கு வருகிறது என்று பாருங்கள்.