ஈறு நோய்க்கு யாரை நாடுவது?

பல்வலி வந்தால் எவரும் மருத்துவரைத் தேடிச் செல்வர். ஈறு நோயோ வலியின்றி வளர்கிறது. பல் துலக்கும்போது சிறிது இரத்தம், நீங்காத வாய் நாற்றம், பற்களுக்கிடையே புதிதாகத் தோன்றும் இடைவெளி ஆகியவையே அதன் அறிகுறிகள். இவற்றைப் பொருட்படுத்தாத பலர், பல் ஆடத் தொடங்கிய பின்னரே மருத்துவமனைக்கு வருகின்றனர். அதற்குள் பல்லைத் தாங்கும் எலும்பு தேய்ந்திருக்கும். தேய்ந்த எலும்பு தானாக மீள்வதில்லை. ஆகவே, உரிய காலத்தில் உரிய மருத்துவரை நாடுதல் வேண்டும்.

நோய் வளரும் விதம்

பற்களின்மேல் நாள்தோறும் படியும் கிருமிப் படலத்தை நீக்காவிட்டால், அது இறுகிக் காரையாகிறது. ஈறு சிவந்து வீங்கி, இரத்தம் கசிகிறது. இந்நிலையில் நோயை முழுமையாகக் குணப்படுத்தலாம். அழற்சி ஆழமாகப் பரவினால், ஈறு பல்லை விட்டு விலகிப் பை போன்ற பள்ளம் உண்டாகிறது. உள்ளே எலும்பு தேய்கிறது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களிடம் இந்நோய் விரைந்து முற்றும். ஈறு நோயும் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்கும். புகைப்பிடிப்போரிடம் இரத்தக்கசிவு குறைவாகவே தெரிவதால், நோய் மறைந்து வளரக்கூடும்.

சிறப்பு மருத்துவர் எப்போது தேவை?

தொடக்கநிலை அழற்சிக்குப் பொதுப் பல் மருத்துவரே சிகிச்சை அளிப்பார். பல் ஆடுதல், ஈறு விலகி வேர் தெரிதல், சீழ் வடிதல், பற்களைச் சுத்தம் செய்த பின்னும் தொடரும் இரத்தக்கசிவு, இளவயதிலேயே எலும்புத் தேய்வு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஈறு நோய்ச் சிறப்பு மருத்துவரின் கருத்தைப் பெறுவது நன்று.

இந்தியாவில் பி.டி.எஸ். பட்டத்திற்குப் பின் ஈறு நோய்த் துறையில் மூன்றாண்டு எம்.டி.எஸ். படித்தவரே இச்சிறப்பு மருத்துவர். பல் சீரமைப்பு, வேர்ச் சிகிச்சை போன்ற துறைகளுக்கும் எம்.டி.எஸ். பட்டமே வழங்கப்படுகிறது. எனவே, எந்தத் துறையில் பெற்ற பட்டம் என்று கேட்டறியுங்கள். மாநிலப் பல் மருத்துவக் குழுமப் பதிவு எண்ணையும் கேட்கலாம். அதில் தயங்க வேண்டியதில்லை. செலவு குறித்துக் கவலைப்படுவோர், சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களை நாடலாம். அங்கு இதற்கெனத் தனித்துறை உண்டு.

அளந்து பார்க்கிறாரா?

பட்டத்திற்கு அடுத்து நோக்க வேண்டியது, மருத்துவர் பரிசோதிக்கும் முறை. அளவுகள் பொறித்த மெல்லிய கருவியால் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் பள்ளத்தின் ஆழம் அளக்கப்பட வேண்டும். 1 முதல் 3 மி.மீ. வரை இயல்பானது, அதற்கு மேற்பட்ட ஆழமும் இரத்தக்கசிவும் சேர்ந்திருந்தால் சிகிச்சை தேவைப்படலாம், 6 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்டது ஆழ்ந்த பள்ளம். எலும்பின் நிலையை எக்ஸ்-கதிர்ப் படம் காட்டும்.

பொதுவாக, முதலில் ஈறுக்கு அடியிலுள்ள காரையை நீக்கி வேர்ப்பரப்பைச் சுத்தம் செய்வர். சில வாரங்கள் கழித்து மீண்டும் அளந்து, ஆழம் குறையாத இடங்களுக்கு மட்டுமே அறுவை சிகிச்சையைக் கருதுவர். அளவெடுக்காமலே முதல் நாளன்று அறுவை சிகிச்சை என்றோ, பற்களை எடுத்துவிட்டுச் செயற்கை வேர் பொருத்தலாம் என்றோ ஒருவர் கூறினால், மற்றொரு மருத்துவரின் கருத்தையும் கேளுங்கள். செயற்கை வேரைச் சுற்றியும் இத்தகைய அழற்சி வரக்கூடும்.

ஓர் அச்சத்திற்கு விடை

சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும் என்று பலர் அஞ்சுகின்றனர். எலும்பு தேய்ந்து ஏற்கெனவே தளர்ந்த பல்லைக் காரை பிணைத்து வைத்திருக்கும். அது நீங்கியபின் தளர்ச்சி வெளிப்படுகிறது. முறையாகச் செய்யும் சுத்தம் பல்லைத் தளர்த்துவதில்லை. சில நாள்கள் பற்கூச்சம் இருக்கலாம்.

செல்லும்போது

உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தின் பட்டியலையும், அண்மைய சர்க்கரைப் பரிசோதனை முடிவையும் எடுத்துச் செல்லுங்கள். அம்லோடிபின், பெனிடாயின் போன்ற மருந்துகள் சிலருக்கு ஈறு வீக்கத்தை உண்டாக்கும். செயற்கை இதய வால்வு பொருத்தியிருந்தால் முன்கூட்டியே தெரிவியுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தையோ வேறு எந்த மருந்தையோ நீங்களாக நிறுத்தாதீர்கள்.

முதியவர்களுடன் குடும்பத்தினர் ஒருவர் செல்வது நலம். அவர் மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டியவை: எந்தப் பற்களில் எவ்வளவு ஆழம் உள்ளது? எவற்றைக் காப்பாற்ற இயலும்? மறுமுறை அளப்பது எப்போது? மொத்தச் செலவு எவ்வளவு? வீட்டில் பற்களைச் சுத்தம் செய்யும் முறை என்ன?

சிகிச்சை முடிந்த பின்னரும், நோயின் தன்மைக்கேற்ப 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனை தேவை. ஒவ்வொரு முறையும் புதிய அளவுகளை முந்தையவற்றோடு ஒப்பிட்டுக் காட்டுமாறு கேளுங்கள். நோய் அடங்கியிருக்கிறதா என்பது அப்போது உங்களுக்கே விளங்கும்.