இடறியவர் எழுவதற்கு

"குடியை விட்டு 40 நாள் கடந்தேன், நேற்று இடறிவிட்டேன். இனி என் தௌபாவுக்கு என்ன மதிப்பு?" என்று கேட்போர் திருச்சியிலும் உண்டு, ஸ்ரீரங்கத்திலும் உண்டு. கேள்வியின் முற்பகுதி உண்மை. பிற்பகுதி ஷைத்தான் சேர்த்தது.

பெருமானார் (ஸல்) அவர்கள் காலத்தில் அப்துல்லாஹ் என்றொருவர் இருந்தார். நபியவர்களைச் சிரிக்க வைப்பவர். மது அருந்தியதற்காகத் தண்டனை பெற்றும், மீண்டும் அதற்காகவே கொண்டுவரப்பட்டார். கூட்டத்தில் ஒருவர் அவரைச் சபித்தபோது நபியவர்கள் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் ரஸூலையும் நேசிப்பவர் என்று எடுத்துரைத்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் உள்ள செய்தி இது. கவனியுங்கள்: தண்டனை நீக்கப்படவில்லை, குற்றம் குற்றமாகவே நின்றது. குற்றத்தைக் கொண்டு ஆளை அளக்கத்தான் விடவில்லை.

மனநூலாரும் இதன் அருகில் வருகின்றனர். ஒருமுறை இடறியவரை முழுக்கக் கவிழ்ப்பதில் "எல்லாம் போயிற்று" என்னும் எண்ணத்திற்குப் பெரும்பங்கு உண்டென 1985இல் அமெரிக்க அறிஞர் ஆலன் மார்லட் விளக்கினார்.

ஸ்ரீரங்கத்திலிருந்து மலைக்கோட்டைக்கு நடப்பவர் காவிரிப் பாலத்தில் விழுந்தால், மறுபடி ஸ்ரீரங்கத்திலிருந்தா புறப்படுகிறார்? விழுந்த இடத்திலிருந்தே நடக்கிறார். எனவே "நான் உருப்படாதவன்" என்று தோன்றும்போது, "எந்தக் கடையருகில், யாரோடு, எந்நேரம் இடறினேன்?" என்று கேட்டுக்கொள்ளச் சொல்வோம். அதற்குப் பதில் உண்டு. மறுநாள் வேறு தெருவழி போகலாம்.

வீட்டார்க்கும் ஒரு சொல்: "அத்தா பழையபடி ஆரம்பித்துவிட்டார்" என்று பிள்ளைகள் காதுபடப் பேசாதீர்கள்.

நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு வரலாம், உயிருக்கும் ஆபத்துண்டு. துஆவோடு புத்தூர் அரசு மருத்துவமனைக்கும் அழைத்துச் செல்லுங்கள்.