தச்சரின் கவராயமும் மின்னணுக் கணிப்பானும்

மாடிப்படி ஏறும்போது நாம் ஒவ்வொரு படியையும் பார்த்துக்கொண்டு ஏறுவதில்லை. முதல் இரண்டு படிகளிலேயே கால் உயரத்தை அறிந்துகொள்கிறது. பின்பு தானாகவே ஏறுகிறது. இடையில் ஒரு படி மட்டும் உயர்ந்திருந்தால் கால் இடறும். குடத்துடன் ஏறும் அன்னையருக்கும், பார்வை மங்கிய பாட்டியருக்கும் அதுவே பேராபத்து. ஆகவே படிகள் யாவும் ஒரே உயரமாக இருத்தல் வேண்டும். இவ்விதியைக் காப்பதில் பழைய கருவி சிறந்ததா, இன்றைய கணிப்பான் சிறந்ததா? ஒரு கணக்கின் வழியே ஆராய்வோம்.

கணக்கு

இராஜபாளையத்தில் ஒரு வீட்டிற்கு மரப்படி அமைக்க வேண்டும். கீழ்த்தளத்திலிருந்து மேல்தளம் வரை உயரம் 10 அடி, அதாவது 120 அங்குலம் என்று கொள்வோம். ஒரு படி ஏறக்குறைய 7 அங்குலம் இருந்தால் ஏறுவது எளிது. 120ஐ 7ஆல் வகுத்தால் 17க்குச் சற்று மேல் வரும். எனவே 17 ஏற்றங்கள். மேல்தளமே கடைசி மிதியாகிவிடுவதால் மிதிபலகைகள் 16 போதும்.

கணிப்பானின் வழி

இன்று கைப்பேசியிலேயே படிக்கணக்குப் போடும் வசதி உண்டு. 120ஐ 17ஆல் வகுத்து, 7.0588 என்று நொடியில் சொல்லிவிடும். மிதியின் அகலம் 10 அங்குலமானால் சாய்வுக் கோணம் சுமார் 35.2 பாகை என்றும் காட்டும். நாம் வகுப்பில் படிக்கும் டேன் விகிதமே இது. 16, 17, 18 என எண்ணை மாற்றி மாற்றிப் பார்க்கலாம். மரத்தை வெட்டுமுன்னரே நல்ல அளவைத் தேர்ந்துகொள்ளலாம். இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வீட்டுப்படியின் உயரம் 190 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது, மிதி 250 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்கிறது. நமது படி 179 மில்லிமீட்டர் உயரமும் 254 மில்லிமீட்டர் அகலமும் உடையது, விதிக்கு உட்பட்டதே.

ஆனால் 7.0588 என்னும் கோடு எந்த அளவு நாடாவில் இருக்கிறது? பின்னத்தை விட்டுவிட்டு 7 அங்குலமாகவே வெட்டினால் 17 படிக்கு 119 அங்குலமே வரும். கடைசிப் படி 8 அங்குலமாகி நிற்கும்! நம் முன்னோர் 1/16 என்னும் பின்னத்தை வீசம் என்றனர். ஒவ்வொரு படியையும் ஏழே வீசம் அங்குலமாக வைத்தால், மொத்தத்தில் மிகுவது ஒரு வீசம் மட்டுமே. சிறு பின்னம் பதினேழு முறை பெருகும்போது எத்துணைப் பெரிதாகிறது, பாருங்கள்!

கவராயத்தின் வழி

பழைய முறையில் எண்ணே தேவையில்லை. நேரான மரச்சட்டம் ஒன்றைக் கீழ்த்தளத்தில் நிறுத்தி, தூக்குக்குண்டால் நேர் பார்த்து, மேல்தளத்தின் மட்டத்தை அதில் குறிப்பர். பிறகு கவராயத்தை ஏறக்குறைய 7 அங்குலம் விரித்து, சட்டத்தின்மேல் 17 முறை எட்டு வைப்பர். குறை வந்தால் சற்று விரிப்பர். மிகுந்தால் சற்றுக் குறுக்குவர். பதினேழாம் எட்டு கோட்டில் சரியாக விழுந்தவுடன் பங்கீடு முடிந்தது. பின்னம் என்ற தொல்லையே இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரின் 11 நிலைக் கோபுரமும், ஆடிப்பூரத் திருவிழாவின் பெரிய மரத்தேரும் கணிப்பான் தோன்றுமுன்னரே எழுந்தவை அல்லவா? ஆயினும் இம்முறையில் வேறு எண்ணிக்கையைச் சோதிக்க மீண்டும் முதலிலிருந்து எட்டு வைக்க வேண்டும், நேரம் செல்லும்.

எது சிறந்தது?

இரண்டிற்கும் பொதுவான ஒரு குறை உண்டு. தரையில் ஓடு பதிக்குமுன் அளந்துவிட்டு, பின்னர் ஓர் அங்குலக் கனத்தில் தரை போட்டால், முதற்படி அந்த அளவு குட்டையாகிவிடும். இதைக் கணிப்பானும் அறியாது, மரச்சட்டமும் அறியாது. வரப்போகும் தரையின் கனத்தை நினைவிற் கொள்ளும் தச்சரே அறிவார்.

ஆகவே எண்ணிக்கையைத் தேர்வதற்குக் கணிப்பானையும், தேர்ந்த அளவை மரத்தில் இடுவதற்குக் கவராயத்தையும் கொள்வதே அறிவுடைமை என்பது எங்கள் கருத்து. தச்சரான புனித சூசையப்பரைத் தொழிலாளரின் பாதுகாவலராக வணங்கும் நாம், கருவி எதுவாயினும், பிறர் கால் வைக்கும் படியை அளப்பவரின் கவனமே முதன்மையானது என்பதை மறவாதிருப்போமாக!