ஈயப் பாவையும் மெய்வரலாறும்

பண்டைப் போர்வீரரின் உருவங்களை விரல் உயரத்திற் சமைத்து, உறுப்புகளை ஒட்டி, நுண்ணிய தூரிகையால் வண்ணந் தீட்டி மகிழ்வது மேலைநாட்டார் பலர் விரும்பும் பொழுதுபோக்கு. காண்பவர்க்கு இது பிள்ளை விளையாட்டாகத் தோன்றலாம். அதில் ஈடுபட்டோர் அவ்வாறு கருதுவதில்லை. பிரித்தானியாவில் இத்தகையோர் 1935ஆம் ஆண்டிலேயே தமக்கெனச் சங்கம் ஒன்றை நிறுவிக்கொண்டனர்.

படைவீரரைச் சிற்றுருவிற் காணும் விருப்பம் மிகப் பழையது. எகிப்து நாட்டில் அஸ்யூத் என்னும் இடத்தில், மெசேத்தி என்னும் தலைவனின் கல்லறையில் வேல்வீரர் 40 பேரும் வில்வீரர் 40 பேரும் அணிவகுத்து நடக்கும் மரப்பாவைகள் கிடைத்தன. அவை ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. பிற்காலத்தில் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்தார் வெள்ளீயத்தால் தட்டையான வீரரை வார்த்து விற்றனர். 1893இல் இலண்டனைச் சார்ந்த பிரிட்டன் குடும்பத்தார் உள்ளீடற்ற ஈயவீரரை வார்க்கத் தொடங்கினர். அவை சிறுவர்க்கான விளையாட்டுப் பொருள்களே. எனினும் அக்குடும்பத்தார் கைக்கொண்ட 54 மில்லிமீட்டர் உயரம் இக்கலையில் இன்றும் பெருவழக்காய் உள்ளது.

வார்த்தெடுத்த பாவை அப்படியே வண்ணம் ஏற்பதில்லை. அச்சின் இரு பாதிகளும் பொருந்திய இடத்தில் மெல்லிய வரம்பொன்று ஓடும். அதனை அரத்தால் அராவி நீக்கவேண்டும். தலையும் கையும் துப்பாக்கியும் தனித்தனியே இருப்பின் பசையிட்டு இணைக்கவேண்டும். பின்னர் உருவம் முழுவதற்கும் அடிப்பூச்சு இட்டு, அது காய்ந்த பின்னரே வண்ணத்தைத் தொடுவர். கெட்டியாக ஒரே தடவையில் அப்பினால் மூக்கும் சட்டை மடிப்பும் அதனுள் மூழ்கிப்போம். ஆதலின் நீர்க்கக் கரைத்துப் பலமுறை பூசுவர்.

வெயிலில் நிற்கும் மனிதனின் சட்டை மடிப்பில் நிழல் தானே விழும். விரலளவுப் பாவையிலோ அந்நிழல் கண்ணுக்குப் புலனாகாது. ஆகவே நிழலையும் ஒளியையும் தூரிகையாலேயே எழுதவேண்டியுள்ளது. பள்ளங்களில் கருமை சேர்ந்த வண்ணமும் மேடுகளில் வெளிறிய வண்ணமும் இட்டு, இரண்டும் கூடுமிடம் தெரியாதபடி இழைப்பர். எல்லாவற்றினும் அரியது கண்ணெழுதுதல். வெள்விழியைத் தூய வெள்ளையால் தீட்டிவிட்டால் வீரன் பேயைக் கண்டவன் போல் விழிப்பான்! சற்றே மங்கிய நிறமே அங்குப் பொருந்தும்.

கைத்திறன் பழகப் பழக வரும். எவ்வண்ணத்தைத் தீட்டுவது என்பதற்கு விடை காண்பதே கடினம். 1815ஆம் ஆண்டு சூன் 18ஆம் நாள், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள வாட்டர்லூ என்னுமிடத்தில் வெல்லிங்டன் பிரபுவின் படையும் பிரஷ்யத் தளபதி புளூச்சரின் படையும் நெப்போலியனை முறியடித்தன. அப்போரின் ஆங்கில வீரன் ஒருவனைத் தீட்டப் புகுவோர் "சட்டை சிவப்பு" என்று அறிந்தால் போதுமா? போதாது. அதிகாரிகளின் சட்டைக்குச் செம்பூச்சியினின்று எடுத்த ஒளிமிக்க சாயம். எளிய வீரனுக்கு மஞ்சிட்டி வகை வேரின் மங்கிய சாயம். மேலும், போருக்கு முந்திய இரவு பெருமழை பெய்தது. வீரர் சேற்றிற் கிடந்து எழுந்தவர். ஓவியங்களிற் காணும் பளபளப்பான உடையை அவர்க்கு உடுத்துவது அழகாயிருக்கலாம், உண்மையாகாது.

இவ்வுண்மையைத் தேடித் தம் வாழ்வையே செலவிட்டவர் வில்லியம் சைபோர்ன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி. வாட்டர்லூப் போரில் அவர் கலந்துகொண்டவர் அல்லர், நிலவளவையில் வல்லவர். 1830இல் அப்போர்க்களத்தின் மாதிரியுரு ஒன்றைச் சமைக்கும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் களத்தின் நடுவே உள்ள லாஹே சாந்த் என்னும் பண்ணைவீட்டில் எட்டுத் திங்கள் தங்கி, மேடு பள்ளங்களை அளந்தார். பின்னர், உயிரோடிருந்த அதிகாரிகளுக்குக் கடிதம் விடுத்தார். மாலை ஏறத்தாழ 7 மணிக்கு உங்கள் படைப்பிரிவு எங்கு நின்றது? எதிரே இருந்த பகைவர் யாவர்? காலடியில் விளைந்திருந்த பயிர் யாது? இவ்வாறு கேட்டு எழுதினார். விடைகள் நூற்றுக்கணக்கில் வந்தன. ஒன்றோடொன்று முரணியும் வந்தன. ஏட்டுச் சுவடிகள் பலவற்றை ஒப்புநோக்கி மெய்ப்பாடம் காண்பார் படும் பாட்டையே அவரும் பட்டார். அவ்வேலையின் அருமை அதனைச் செய்தார்க்கே தெரியும்.

1833இல் அரசு பொருளுதவியை நிறுத்திற்று. சைபோர்ன் கடன் பெற்றுப் பணியைத் தொடர்ந்தார். 1838இல் மாதிரியுரு முடிந்தது. அது ஏறத்தாழ 8 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உடையது. அதில் 70,000க்கு மேற்பட்ட சிறுபாவைகள் நின்றன. நிலத்தின் ஒரு மைல் அங்கு 9 அடியாகச் சுருங்கியது. அவ்வளவின்படி மனிதனை எறும்பளவே செய்தல் வேண்டும். கண்ணுக்குத் தெரியவேண்டுமே என்று பாவைகளை ஒரு சென்டிமீட்டர் அளவினவாக அமைத்தனர்.

இடர் வேறிடத்திலிருந்து வந்தது. பிற்பகலிலேயே களத்தை அடைந்திருந்த பிரஷ்யப் படை, 7 மணி அளவில் பிரெஞ்சுப் படையின் பக்கத்தில் வலுவாகத் தாக்கிக்கொண்டிருந்ததாக சைபோர்ன் காட்டியிருந்தார். வெற்றியின் புகழில் பிரஷ்யர்க்குப் பெரும்பங்கு உண்டென்பது காண்போர்க்கு வெளிப்படும். வெல்லிங்டன் இதனை ஏற்கவில்லை. அவரோ அன்று நாட்டின் தலைசிறந்த வீரர். முன்னாள் தலைமை அமைச்சர். மாற்ற வேண்டும் என்ற வற்புறுத்தல் மேலிடத்திலிருந்து வந்தது. இறுதியில் சைபோர்ன் பிரஷ்யப் பாவைகளிற் பெரும்பகுதியை எடுத்துவிட்டார். புதிய சான்றுகளால் மனமொப்பிச் செய்தாரா, வலியார் சொல்லுக்கு அஞ்சிச் செய்தாரா என்பதில் வரலாற்றாசிரியர் இன்றும் மாறுபடுவர். கடனோடு போராடிய ஒருவரை நாம் எளிதிற் பழித்தல் முறையன்று; எனினும் பாவைகளை எடுத்தமை வருத்தந் தருவதே.

இலண்டனில் அதனைக் காண ஏறத்தாழ ஓரிலக்கம் பேர் ஆளுக்கு ஒரு சில்லிங் கொடுத்து வந்தனர். ஆயினும் செலவிட்ட பணம் சைபோர்னுக்கு மீளவில்லை. 1844இல் அப்போரின் வரலாற்றை நூலாக வெளியிட்ட அவர், 1849இல் மறைந்தார். மாதிரியுரு இன்று இலண்டன் செல்சிப் பகுதியிலுள்ள தேசிய இராணுவ அருங்காட்சியகத்தில் உள்ளது.

களத்தினின்று பாவைகளை எடுத்த அவர், தமக்கு வந்த கடிதங்களைக் களையவில்லை. அவற்றுள் ஒரு பகுதியை அவர் மகனார் 1891இல் நூலாக்கினார். வாட்டர்லூ வீரனுக்கு வண்ணந் தீட்ட அமரும் இக்காலத்தார், அவன் எங்கு நின்றான், எவரை எதிர்த்து நின்றான் என்பதை அறிய அக்கடிதங்களையே புரட்டுகின்றனர். பிரஷ்யர் வந்து சேர்ந்த செய்தியையும் அவற்றிற் காண்கின்றனர்.