உவர் நிலத்திலும் கனி உண்டு: தங்கச்சிக்கு அக்காவின் சில யோசனைகள்

தங்கச்சி, "ஞானஸ்நானம் எடுத்து இவ்வளவு காலமாச்சு, என்னில ஒரு மாற்றமும் தெரியேல்லையே அக்கா" என்று கேட்டாய். அந்தக் கேள்வி வந்ததே நல்லது. உள்ளே உயிர் இல்லாதவளுக்கு இந்தக் கவலை வராது.

முதலில் ஒரு வேலை செய். எசேக்கியேல் 47ஆம் அதிகாரத்தை முழுதாக வாசி. ஆலயத்திலிருந்து புறப்படுகிற ஆறு போகிற இடமெல்லாம் உயிர் பிழைக்கிறது, கரையில் மரங்கள் மாதாமாதம் கனி கொடுக்கின்றன என்று பிரசங்கத்தில் கேட்டிருப்பாய். நடுவில் 11ஆம் வசனத்தைப் பலர் தாண்டிப் போய்விடுவார்கள். அங்கே சதுப்பும் உவரும் உப்புக்கென்று விடப்படுகின்றன. இயக்கச்சி தாண்டி ஆனையிறவு உப்பு வெட்டையை நாளும் பார்க்கிற எங்களுக்கு அந்த வசனம் தேவை. போஜனபலி ஒவ்வொன்றிலும் உப்பு இருக்கவேணும் என்று லேவியராகமம் 2 சொல்கிறது. உவர் நிலமும் கர்த்தருக்குப் பயன்படுகிறது. அதனால் "என்ர வாழ்க்கை வறண்ட தரை" என்று நீயாக முடிவு கட்டாதே.

ஆனையிறவு உப்பளத்தில் உப்பு விளைகிற விதத்தையும் கவனி. 1930களின் பிற்பகுதியில் தொடங்கி, யுத்தத்தில் அழிந்து, பிறகு திரும்ப எழுந்த உப்பளம் அது. நீரை ஒரேயடியாகக் காய்ச்சுவதில்லை. பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் வற்ற விடுவார்கள். முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் அடியில் தங்கும். ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நீர் போன பிறகுதான் உப்புப் படியத் தொடங்கும். மிஞ்சுகிற கசப்பு நீரை நேரத்துக்கு வடித்துவிடவும் வேணும், விட்டால் உப்பே கசந்துபோகும். உன் மனதின் கசப்பையும் இப்படி வடித்துவிடு. யார்மேல் கோபம் இருக்கிறதோ, படுக்கப்போகுமுன் அவர் பெயரைச் சொல்லிக் கர்த்தரிடம் இறக்கி வை. மன்னித்துவிட்டேன் என்று பாசாங்கு வேண்டாம். "இன்னும் எரியுது, ஆண்டவரே" என்று சொன்னாலும் அது ஜெபம்தான். நாளைக்கும் எரியும், நாளைக்கும் சொல்.

வாசிப்பை ஒரே இடத்தில் வைத்துக்கொள். ஒரு மாதத்துக்கு மத்தேயு 5, 6, 7 மட்டும். சத்தமாக வாசி, ஒரு கொப்பியில் திகதி போட்டு ஒரேயொரு வரி எழுது. போனில் வருகிற வசனப் படங்களை அனுப்புவது வாசிப்புக் கணக்கில் சேராது. கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலைக்கோ முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலைக்கோ இருட்டோடு புறப்படுகிறவர்களுக்கு ஒரு மணித்தியாலம் முழங்காலில் நின்று ஜெபிக்க வழியில்லை. அவர்கள் பஸ் வரும்வரை நிற்கிற நேரத்தை எடுத்துக்கொள்ளலாம். புதிதாக நேரம் தேடுகிற திட்டம் ஒரு கிழமை தாங்காது. ஏற்கெனவே நாளும் நடக்கிற ஒன்றோடு ஜெபத்தைச் சேர்த்துவிட்டால் அது நிலைக்கும்.

இனி முக்கியமானதுக்கு வருகிறேன். கலாத்தியர் 5இல் பவுல் ஆவியின் கனியை எழுதியிருக்கிறதைப் பார். பொறுமையும் தயவும் சாந்தமும் தனி அறையில் வெளிப்படாது, எதிரில் ஒரு ஆள் வேணும். எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடிக்கப் போகாதே. ஒரு குணம், ஒரு ஆள். உனக்குச் சாந்தம் குறைவு, அது வீட்டுக்கே தெரியும். உன் சூப்பர்வைசரிடமோ மாமியிடமோ மட்டும் மூன்று மாதம் பழகிப் பார். எரிச்சலில் எழுதிய மெசேஜை இரவில் அனுப்பாதே, விடியத் திரும்ப வாசி. அநேகமாக நீயே அழித்துவிடுவாய். தவறிப் பேசிவிட்டால் அன்றைக்கே "நான் கதைச்சது பிழை" என்று சொல். அதோடு "ஆனா நீங்களும்..." என்று தொடங்கினால் மன்னிப்புக் கேட்டது வீண்.

மேடைக்கு அவசரப்படாதே. இரட்சிக்கப்பட்ட அடுத்த மாதமே பிள்ளையின் கையில் மைக்கைக் கொடுத்துச் சாட்சி சொல்ல வைக்கிற பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. லேவியராகமம் 19இல், நட்ட மரத்தின் கனியை முதல் மூன்று வருஷம் தொடவே கூடாது. நாலாம் வருஷத்துக் கனி கர்த்தருக்கு, அஞ்சாம் வருஷம்தான் சாப்பாட்டுக்கு. லூக்கா 13இல் காய்க்காத அத்திமரத்துக்குத் தோட்டக்காரன் இன்னொரு வருஷம் கேட்கிறான். கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை, கொத்தி எரு போடுகிறேன் என்கிறான். உனக்கு எரு போடுகிற ஒரு மூத்த விசுவாசியைச் சபையிலேயே தேடிக்கொள். வாரத்துக்கொரு கூட்டம் மாறி ஓடுகிறவளை யாருக்கும் சரியாகத் தெரியாது, அதனால் திருத்தவும் ஆள் இருக்காது.

கனி மற்றவர் சாப்பிடத்தான். 1847இல் யாழ்ப்பாணம் வந்த டொக்டர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் வைத்தியம் பார்த்ததோடு நிற்கவில்லை. தமிழ் படித்து, எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். 1873இல் அவர் போய்விட்டார். அவர் பெயர் தாங்கிய ஆஸ்பத்திரி இன்றும் அங்கே இருக்கிறது. உன்னிடம் அவ்வளவு பெரிய வேலையை யாரும் கேட்கவில்லை. உனக்குத் தெரிந்த தையலையோ கணக்கையோ பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடு. சபைக்கு வருகிறதா என்று கேட்டுவிட்டுச் சொல்லிக்கொடுக்காதே.

2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் போராட்டத்தில் இருக்கிறார்கள். அப்படியொரு அம்மா உங்கள் ஒழுங்கையிலும் இருப்பா. போய்ப் பக்கத்தில் இரு. "எல்லாம் தேவசித்தம்" என்று மட்டும் சொல்லிவிடாதே தங்கச்சி. யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் இருந்தவரைக்கும் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். அவ பிள்ளையின் படத்தைக் காட்டினால் வாங்கிப் பார், பெயரைக் கேள், அடுத்த முறை அந்தப் பெயரைச் சொல்லிக் கதை. தேத்தண்ணி தந்தால் குடித்துவிட்டு வா.

நித்திரை வராமல், சாப்பிட மனமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் கிழமைக்கணக்காக இருந்தால் அதை விசுவாசக் குறைவு என்று யார் சொன்னாலும் கேட்காதே. ஆஸ்பத்திரிக்குப் போ, தனியாகப் போகப் பயமென்றால் நான் வருகிறேன். மருந்தும் ஜெபமும் ஒன்றாகப் போகலாம்.

மாற்றம் தெரிகிறதா என்று உன்னையே நீ பார்த்துக்கொண்டிராதே, வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் அது முதலில் தெரியும். மாதக் கடைசி ஞாயிறு பின்னேரம் அம்மாவிடம் போய், "என்னோட இருக்கிறது இப்ப கொஞ்சமாவது லேசா இருக்கா?" என்று கேள். அவ சொல்லி முடிக்குமட்டும் இடையில் வாய் திறக்காதே. சொன்னதைக் கொப்பியில் எழுதி, அடுத்த மாதத்து ஜெபத்தை அதிலிருந்து தொடங்கு.