பிரேக்குக்கு முந்தைய ஒரு வினாடி

ஹெவி லைசென்ஸ் கையில் வந்ததும் வேலை கேட்டு வரும் தம்பிகள் பலர் ஒரே பெருமையைத்தான் சொல்கிறார்கள்: "அண்ணே, எனக்குக் கால் செம ஸ்பீடு. எது குறுக்க வந்தாலும் டக்குனு நிறுத்திருவேன்." இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டியபின் இப்போது நான் ஆள் பழக்குகிறேன். இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். இப்படிப் பேசுகிறவரைத் தனி வண்டியில் அனுப்ப நான் சம்மதிப்பதே இல்லை.

காரணம் எளிய கணக்குதான். 80 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு 22 மீட்டர் போகிறது. குறுக்கே ஏதோ வருகிறது என்று வையுங்கள். முதலில் கண்ணில் பட வேண்டும், அது என்னவென்று மூளைக்கு விளங்க வேண்டும், நிறுத்துவதா ஒதுங்குவதா என்று முடிவாக வேண்டும். அதற்கப்புறம்தான் கால் ஆக்சிலரேட்டரை விட்டு பிரேக்குக்குப் போகும். அந்தக் கால் வேலை வினாடியில் கால் பங்குதான். மீதி நேரமெல்லாம் தலைக்குள்ளே கழிகிறது.

மார்க் கிரீன் என்ற ஆய்வாளர் அதுவரை வந்த பிரேக் ஆய்வுகளையெல்லாம் 2000-ல் தொகுத்துப் பார்த்தார். பிரேக் போட வேண்டிவரும் என்று தெரிந்தே இருக்கும் ஓட்டுநருக்கு ஏறக்குறைய 0.7 வினாடி போதும். முன்னால் போகும் வண்டியின் பிரேக் விளக்கு எதிர்பாராமல் எரிவது போன்ற சாதாரண நிகழ்வுக்கு 1.25 வினாடி ஆகிறது. திடீரென்று ஒன்று பாதையில் பாய்ந்தால் 1.5 வினாடி. ஆள் அதேதான், காலும் அதேதான். எதிர்பார்த்தாரா இல்லையா என்பதில்தான் நேரம் இரட்டிப்பாகிறது. 80 கி.மீ. வேகத்தில் அந்த வித்தியாசம் 17 மீட்டருக்கு மேல். ஒரு முழு பஸ்ஸே 12 மீட்டர்தான்.

சாலை போடுகிறவர்கள் நம்மை இந்த அளவுக்குக்கூட நம்புவதில்லை. இந்திய சாலைப் பேரவையின் விதிப்படி, ஓட்டுநர் பார்த்து பிரேக்கில் கால் வைக்க 2.5 வினாடி ஒதுக்கித்தான் பார்வைத் தூரத்தைக் கணக்கிடுகிறார்கள். 80 கி.மீ. வேகத்துக்கு 120 மீட்டர், 100 கி.மீ. வேகத்துக்கு 180 மீட்டர். ஏர் பிரேக் வண்டிக்கு இன்னொன்றும் உண்டு: பேடலை மிதித்தபின் காற்று குழாய் வழியாகச் சக்கரத்துக்குப் போய்ச் சேர ஏறக்குறைய அரை வினாடி எடுக்கும். காரில் பழகிவிட்டு நேரே லாரிக்கு வருகிறவர்கள் இதை உணர்ந்திருக்க மாட்டார்கள்.

எனவே, நான் சொல்லிக்கொடுப்பது காலுக்கான பயிற்சி இல்லை. எதிர்பாராதது என்று நாம் சொல்வதில் பெரும்பகுதியை எதிர்பார்த்ததாக மாற்றும் பழக்கம் அது.

அதற்கு நான் கண்ட சிறந்த வழி, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுவது. பிரிட்டனில் போலீஸ் ஓட்டுநர்களுக்கு இந்த முறையில் பயிற்சி தருகிறார்கள். நம்மூரில் பக்கத்து சீட்டில் கிளீனர் இருந்தால் இன்னும் நல்லது, இரண்டு ஜோடிக் கண் கிடைக்கும். "எடது பக்கம் டவுன் பஸ் நிக்குது. அதுக்கு முன்னாடிலருந்து ஆள் வரும். கால் பிரேக் மேல." "மீடியன்ல கேப் இருக்கு, அங்க பைக் ஒண்ணு காத்து நிக்குது, அவன் நம்மளப் பாக்கல." "ஒரு ஆடு தாண்டிருச்சு, மிச்சமும் தாண்டும்." முதல் நாள் கூச்சமாக இருக்கும். ஒரு வாரத்தில் வாய் நின்றுவிடும், கண் மட்டும் தானாகச் செய்யும். ஆக்சிலரேட்டரை விட்டு, அழுத்தாமல் பிரேக் பேடலுக்கு மேலே காலை நிறுத்திவைப்பதை அப்போதே பழகிக்கொள்ளுங்கள். கால் நகரும் நேரம் மிச்சமாகும், வேகமும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

எங்கே எது வரும் என்பதற்கு நம் ஊரில் நாட்காட்டியே உண்டு. தை மாதம் பழனிப் பாதையில் இரவெல்லாம் காவி வேட்டிக் கூட்டம் நடக்கும். ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணி ரோடு நிறைய ஆள் இருப்பார்கள். அறுவடைக் காலத்தில் கிராமத்துச் சாலையில் பாதி ரோட்டை மறித்துத் தானியம் காயும், கல்லை வைத்து எல்லை கட்டியிருப்பார்கள். இருட்டிலே அந்தக் கல் தெரியாது. நான்கு வழிச் சாலையில் யூ டர்ன் தூரமாக இருக்கும் ஊர்களில் பைக்குகள் இடது ஓரமாக எதிரே வரும். அது தவறுதான். ஆனாலும் வரும் என்று வைத்துக்கொண்டுதான் நாம் ஓட்ட வேண்டும்.

இரவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லோ பீம் நல்ல நிலையில் இருந்தாலும் ஏறக்குறைய 50, 60 மீட்டர் வரைதான் உதவும். மேலே சொன்ன சாலைக் கணக்கில் 60 மீட்டர் என்பது 50 கி.மீ. வேகத்துக்கான தூரம். நாமோ லோ பீமிலேயே 80-ல் போகிறோம். எதிரே வண்டி இல்லாதபோது ஹை பீம் போடுங்கள், வந்தால் டிம் செய்யுங்கள். ஓயாத வேலைதான், செய்துதான் ஆக வேண்டும். இன்னொரு ஆபத்து, நின்றுபோன லாரியின் பின்விளக்கு. தூரத்தில் இரண்டு சிவப்புப் புள்ளி தெரிந்தால் அது ஓடுகிறதா நிற்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. நெருங்கி, அது பெரிதாகத் தொடங்கும்போதுதான் தெரியும். அதற்குள் பாதித் தூரம் போயிருக்கும். சிவப்புப் புள்ளி எதுவானாலும் நிற்கிறது என்றே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

தூக்கம் இதைவிடக் கொடுமை. 1997-ல் ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற இருவர் சோதித்துப் பார்த்தார்கள். பதினேழு மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்கியிருந்தது. நம் மோட்டார் வாகனச் சட்டம் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே குற்றம் என்கிறது. காலை ஆறு மணிக்கு எழுந்து லோடு ஏற்றக் காத்துக் கிடந்து, ராத்திரி பதினொன்றுக்கு வண்டி எடுக்கிறவர், ஒரு சொட்டுகூடக் குடிக்காமல் அந்த நிலையில்தான் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார்.

இங்கேதான் வேலைப் பேச்சு வருகிறது. 1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்குள் அரை மணி ஓய்வு என்று வகுத்தது. லோடுக்குக் காத்திருந்த நேரம் ஓய்வாகாது. வேலைக்குச் சேரும்போதே முதலாளியிடம் மரியாதையாக, தெளிவாகக் கேளுங்கள்: "லோடு லேட்டானா டெலிவரி டைமும் தள்ளிப் போகுமாங்கண்ணே? ரெண்டாவது டிரைவர் உண்டா?" சண்டையாகக் கேட்க வேண்டாம். ஆனால் கேட்காமல் சேர வேண்டாம். நல்ல முதலாளி இந்தக் கேள்வி கேட்கும் ஆளைத்தான் எடுப்பார். மழுப்புகிற இடத்தில் சம்பளம் கூட வந்தாலும் யோசியுங்கள். இன்று பல வண்டிகளில் ஜிபிஎஸ் கருவி இருக்கிறது. எத்தனை முறை திடீர் பிரேக் அடித்தீர்கள் என்பது ஆபீஸில் தெரிந்துவிடும். கால் வேகமுள்ளவரின் கணக்கு அங்கே அசிங்கமாகத்தான் தெரியும். முன்பே கண்டு நிதானித்தவரின் கணக்கு சுத்தமாக இருக்கும். சம்பளம் ஏற்றிக் கேட்க அதைவிட நல்ல சான்று இல்லை.

வழியில் கண் சொக்கினால் ஒரு டீயைக் குடித்துவிட்டு உடனே கிளம்பாதீர்கள். டீ, காபி வேலை செய்ய அரை மணி நேரம் ஆகும். குடித்தவுடன் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி இருபது நிமிஷம் கண்மூடுங்கள். எழுந்ததும் முகம் கழுவி, டயரைத் தட்டிப் பார்த்தபடி வண்டியை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். ஆனால் ராத்திரி இரண்டு முதல் விடியும்வரை உடம்பு தூங்கத்தான் கேட்கும். அப்போது இது கொஞ்ச நேரம்தான் தாங்கும்.

தொப்பூர் கணவாயை ஓட்டாதவர் நம்மில் குறைவு. தர்மபுரி பக்கமிருந்து சேலத்துக்கு இறங்கும்போது இரட்டைப் பாலம் அருகே எத்தனை வண்டிகள் முன்னால் போன வண்டிகள்மேல் ஏறியிருக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டால் என்ஜினின் பிடி போய்விடும். முழு பாரமும் பிரேக் மேல் விழுந்து, டிரம் சூடேறி, பிடிமானம் செத்துவிடும். அப்போது முன்னால் ஒரு கார் நின்றால் உங்கள் 0.7 வினாடியை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. சரிவு தொடங்குமுன்பே கீழ் கியருக்கு வாருங்கள், எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போடுங்கள். இறக்கத்தின் நடுவில் கியர் மாற்றப் பார்த்தால் விழாமலே போகலாம்.

எல்லாம் செய்தும் ஒருநாள் குறுக்கே ஒன்று வரும். நேராக வைத்து முழு பிரேக் மிதியுங்கள். லோடு வண்டியில் ஸ்டியரிங்கை வெட்டினால் வண்டி கவிழும், டேங்கர் என்றால் உள்ளே திரவமே சேர்ந்து தள்ளும். ஏபிஎஸ் வண்டியில் விட்டுவிட்டு மிதிக்கும் பழைய பழக்கம் வேண்டாம். நாய்க்காக வெட்டி மனிதர்மேல் ஏறியதை நான் ஒருமுறை பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். இன்றைக்கும் நினைத்தால் கை நடுங்கும்.

என்னிடம் பழகுகிறவர்கள் எல்லோரும் சட்டைப் பையில் ஒரு சிறு நோட்டு வைத்திருப்பார்கள். மயிரிழையில் தப்பிய ஒவ்வொன்றையும் டிரிப் முடிந்த அன்றே எழுத வேண்டும்: இடம், மணி, என்ன வந்தது, முதலில் எப்போது தெரிந்தது. அடுத்த முறை அந்த ரூட்டில் போகுமுன் எடுத்துப் படிக்க வேண்டும். போன மாசம் ஒரு தம்பி காட்டிய பக்கத்தில் இப்படி இருந்தது: "தொழுதூர் தாண்டி, காலை 4.40. கரும்பு டிராக்டர், பின்னாடி லைட் இல்ல. ரோட்டுல சோகை கெடந்துச்சு, அதப் பாத்ததும் கால எடுத்துட்டேன். அப்புறம்தான் டிராக்டர் தெரிஞ்சுது."